ஒன்று போனால் இன்னொன்று

“நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுடா. ஒண்ணு போனா—”

“நீ கேட்டது வேகம். மெதுவா இருக்கு, மெதுவா இருக்குன்னு காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை—”

“—ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்குமான்னு கேட்டேன்—”

“—பல் தேய்க்கிற மாதிரி தவறாம கேட்டே—”

“—நீ நிக்கும்னு சொன்னே. என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னே.”

“சொன்னேன்.”

“இப்ப நிக்குதா?”

தம்பி தலையை அலமாரிக்குள் விட்டுக்கொண்டான்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த செருப்பு அலமாரி அது. மேல் தட்டுகளில் செருப்பும் ஷூவும் குடையும். கீழ்த்தட்டில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்கு அந்த வீட்டில் சர்வர் என்று பெயர். அக்காவுக்குக் கோபம் வந்தால் ‘உன் பெட்டி’. கீழ்வீட்டில் தம்பியும் அவன் மனைவியும், மேல்வீட்டில் அக்காவும் அவள் கணவரும் இருந்தார்கள். நால்வருடைய கம்ப்யூட்டர்களும் உண்மையில் அந்த ஒரே பெட்டிக்குள்தான் குடியிருந்தன. மேலே அக்காவின் மேசைமீது இருந்தது வெறும் திரையும் கீபோர்டும் மவுஸும். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல சின்னக் கம்ப்யூட்டர்கள் என்று தம்பி விளக்குவான். ஆபீசில் பகலெல்லாம் அதே வேலையைச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதையே நோண்டிக்கொண்டிருக்கிறவன் அவன்.

அக்கா இரும்பு வேலைகளுக்கு வரைபடம் போடுகிறவள். எந்தத் துண்டு எவ்வளவு நீளம், எங்கே துளை, எங்கே வெல்டிங், எல்லாம் அவள் கோட்டில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பட்டறையில் வெட்டுவார்கள். கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்த பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, ஒரு மூன்று மாடி மருத்துவமனையின் வெளிச்சுவரில் அவசரத்துக்கு இறங்குவதற்கான படிக்கட்டு. இன்று சாயங்காலத்துக்குள் முழு வரைபடமும் பட்டறைக்குப் போயாக வேண்டும். நாளைக் காலையில் இரும்பு வெட்ட ஆட்கள் வருகிறார்கள். காலையில் எழுந்து, முகம் கழுவி, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது. அப்போது கீழே இறங்கி வந்தவள்தான்.

“ரெண்டு டிஸ்க்ல ஒண்ணு போயிடுச்சு,” என்றான் தம்பி, செருப்புகளுக்கு நடுவிலிருந்து.

“போகட்டும். போகும்னு தெரிஞ்சுதானே ரெண்டு போட்டே. மத்ததுல இருந்து எடு.”

“எடுக்க முடியாது.”

“ஏன்?”

“அது இப்ப அப்படி இல்ல.”

“எது எப்படி இல்ல?”

தலையை வெளியே எடுத்தான். நெற்றியில் ஒட்டடை.

“முன்னாடி மிரர் போட்டிருந்தேன். இதுல எழுதறதெல்லாம் அப்படியே அதுலயும் எழுதும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கும். ஆனா அது ரெண்டும் பழைய டிஸ்க், உள்ள தட்டு சுத்தற வகை. நீ ஒரு படத்தைத் திறந்துட்டுக் குளிச்சிட்டு வந்தாலும் திறந்திருக்காது. மாட்டுவண்டி, மாட்டுவண்டின்னு மானத்தை வாங்கினே. அதனால இது ரெண்டையும் வாங்கிப் போட்டேன்.” சூயிங்கம் பட்டை அளவுக்கு மெல்லிசாக ஒன்றை விரலிடுக்கில் காட்டினான். “இதையும் மிரராப் போட்டிருக்கலாம். சேர்த்துப் போட்டா இன்னும் வேகம், இடமும் ரெண்டு மடங்கு. அதனால சேர்த்துப் போட்டேன்.”

“சேர்த்துன்னா?”

“பாதி இதுல, பாதி அதுல. ரெண்டும் ஒரே சமயத்துல ஓடும்.”

“என் படிக்கட்டு?”

“எல்லாம்தான். துண்டு துண்டா இதுல கொஞ்சம், அதுல கொஞ்சம்.”

அக்கா ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். அவள் கத்தாமல் இருந்தால்தான் அந்த வீட்டில் எல்லோருக்கும் பயம்.

“ஒரு ஏணியை நெடுக்குல ரெண்டாப் பிளந்து, ஒரு பாதியை இந்தச் சுவத்துல சாத்தி, ஒரு பாதியை அந்தச் சுவத்துல சாத்திட்டு, ரெண்டு ஏணி இருக்கு அக்கா, பயப்படாம ஏறுன்னு சொல்லியிருக்கே.”

“அப்படிச் சொல்லாதே.”

“வேற எப்படிச் சொல்றது? நீயே சொல்லிக் குடு.”

உள்ளறையிலிருந்து தம்பியின் மனைவி வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், இன்று லீவு. தலையில் ஈரத்துண்டு.

“எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமா நாற்காலியை இழுத்துப் போட்டுட்டார். ரெண்டு பேரும் கொஞ்சம் வரிசையாப் பேசினா அவருக்கும் கதை புரியும்.”

“உன் வீட்டுக்காரன் ரெண்டு டிஸ்க்னு சொல்லி எனக்கு அரை டிஸ்க் குடுத்திருக்கான். இதுதான் கதை.”

“இது எப்ப மாத்தினீங்க?” என்றாள் கணவனிடம்.

“போன வருஷக் கடைசியில.”

“போன வருஷக் கடைசியிலன்னா,” என்றாள் அக்கா, “பட்டறைக்காரர் இந்த வேலையைக் குடுத்ததுக்கு முன்னாடி. அவர் குடுத்த அன்னைக்கு நம்ம எல்லாரும் மேல உக்காந்து சாப்பிட்டோம். அப்ப நான் இவனைக் கேட்டேன். ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்குமான்னு. ஆமான்னு சொன்னான். வாயில வச்ச கவளத்தை முழுங்கக்கூட இல்ல, அதுக்குள்ள ஆமான்னு சொன்னான்.”

“நானும் இருந்தேன்,” என்றாள் அவன் மனைவி. “சொன்னீங்க.”

“நீ யார் பக்கம்?”

“சாப்பாட்டுப் பக்கம். அன்னைக்கு நல்லா இருந்துச்சு.”

தம்பி எழுந்து நின்றான். படிக்கட்டில் தலை இடித்துக்கொண்டான். யாரும் ‘பாத்து’ என்று சொல்லவில்லை.

“கேக்கறதுக்கு முன்னாடி என்ன சொன்னே, அதையும் சொல்லு,” என்றான் அக்காவிடம். “‘இப்பதாண்டா உன் பெட்டி பெட்டி மாதிரி ஓடுது, கம்பெனியிலகூட எனக்கு இவ்வளவு வேகம் இல்ல’ன்னு சொன்னே. மாமா முன்னாடி, இவ முன்னாடி, இவ அண்ணன் வேற வந்திருந்தான். இத்தனை வருஷத்துல நீ என் வேலை நல்லா இருக்குன்னு சொன்னது அன்னைக்குத்தான். சொல்லி வாய் மூடலை, அடுத்த கேள்வியாக் கேட்டே, ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்குமான்னு. அந்த நேரத்துல நான் என்ன சொல்ல?”

“நிக்காதுன்னு சொல்லணும்.”

“சொல்ற மாதிரியா இருந்துச்சு?”

“ஓ. அப்ப தப்பு என் மேல. நான் பாராட்டாம இருந்திருக்கணும். பாராட்டினா பொய் சொல்லுவேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வாயைத் தச்சுக்கிட்டு இருந்திருப்பேனே.”

“நான் அப்படிச் சொல்லல.”

“மறுநாள் சொல்லியிருக்கலாம். அதுக்கு மறுநாள் சொல்லியிருக்கலாம். படியேறி வந்து, ‘அக்கா, அன்னைக்குப் பந்தாவுக்குச் சொல்லிட்டேன், ஜாக்கிரதையா இரு’ன்னு ஒரு வார்த்தை. பதினாலு படி ஏற உனக்கு இத்தனை மாசம் பத்தலையா?”

“மாத்திடலாம்னு நினைச்சேன். இன்னும் ரெண்டு வாங்கி, மிரராப் போட்டு, யாருக்கும் தெரியாம சரி பண்ணிடலாம்னு இருந்தேன். நேரம் கிடைக்கல. நெட் வரலன்னா நான், டிவி தெரியலன்னா நான், மாமாவோட போன்ல எழுத்து சின்னதாப் போச்சுன்னா அதுக்கும் நான். இந்த வீட்ல பல்பு ஃபியூஸ் ஆனாக்கூட என்னைத்தான் கூப்பிடறீங்க. ஒரு நாள் யாராவது வந்து, பெட்டி எப்படி இருக்கு, நீ எப்படி இருக்கேன்னு கேட்டிருக்கீங்களா?”

“கேட்டேனேடா. அதைத்தானே சொல்றேன். வாயைத் திறந்து கேட்டேன்.”

மேலே இருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. அக்காவின் கணவருக்கு ராத்திரி ஷிஃப்ட். வீடு இடிந்து விழுந்தால்கூட, இடிந்த பிறகு ஒருமுறை கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்குகிற மனிதர்.

“பழைய டிஸ்க் ரெண்டும் எங்கே?” என்றாள் தம்பியின் மனைவி. “அதுல அப்படியே இருக்கும்ல?”

தம்பி செருப்புகளைப் பார்த்தான்.

“இருக்கு. பெட்டிக்குள்ளயேதான் இருக்கு. துடைச்சிட்டேன்.”

“துடைச்சிட்டு?”

“சினிமா போட்டு வச்சிருக்கேன்.”

அக்கா சிரித்தாள். கேட்கிறவர்களுக்கு அது சிரிப்பு மாதிரி இல்லை. “சினிமாவுக்கு என்ன போட்டிருக்கே? மிரரா?”

அவன் நெற்றி ஒட்டடையைத் துடைத்தான்.

“சொல்லுடா. உன் சினிமா ரெண்டு டிஸ்க்லயும் இருக்கா?”

“…அது ஏற்கெனவே மிரராப் போட்டிருந்தது. மாத்தல. அப்படியே விட்டுட்டேன்.”

“ஆக, இந்த வீட்ல ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கறது சண்டைப் படம் மட்டும்தான்.”

“அண்ணி,” என்றாள் தம்பியின் மனைவி, “நீங்க முன்னாடி ஒரு பென் டிரைவ் வச்சிருந்தீங்களே. தினம் சாயங்காலம் அதுல எடுத்து வைப்பீங்க.”

“வைப்பேன். கம்பெனியில பழகின பழக்கம். இவன் ஒரு நாள் பாத்துட்டான். ‘என்னக்கா அது, என் பெட்டி மேல நம்பிக்கை இல்லையா’ன்னான். இல்லடா, சும்மா கைப்பழக்கம்னேன். மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான். கீழ வந்தா டிவியைப் பாக்கறான். பேசினா ‘ம்’ங்கறான். காப்பி எடுத்து வச்சா தம்பிக்கு மரியாதை இல்லன்னு ஆயிடுச்சேன்னு நிறுத்திட்டேன். உன்கிட்டகூடச் சொல்லல.”

“அதுல என்ன இருக்கு?”

“தரையில இருந்து முதல் மாடி வரைக்கும். அதுக்கு மேல எதுவும் இல்ல. ரெண்டாவது மாடியில இருக்கறவன் தீப்பிடிச்சா குதிக்க வேண்டியதுதான்.”

தம்பி திரும்பி அலமாரிக்குள் கையை விட்டான். சட்டென்று இழுத்துக்கொண்டான்.

“கொதிக்குது.”

“என்ன?”

“இந்த டிஸ்க். சூடு ஏறிப்போய்த்தான் விழுந்திருக்கு. ஆறினா கொஞ்ச நேரம் எழுந்திருக்கும்.” குரலில் உயிர் வந்துவிட்டது. “ஃபேன் காத்து வெளிய போற இடத்தை யார் அடைச்சது? யாரோட ஷூ இது?”

“உங்களோடது,” என்றாள் மனைவி. “கதவையும் நீங்கதான் சாத்துவீங்க.”

“சத்தம் தாங்கலன்னு நீ சொன்னதாலதானே சாத்தினேன்.”

“நான் சத்தம் தாங்கலன்னுதான் சொன்னேன். மூச்சு முட்ட வைங்கன்னா சொன்னேன்?”

“இப்ப அதையெல்லாம் பேச வேண்டாம்,” என்றாள் அக்கா. “எழுந்திருக்கும்னு சொன்னியே, எழுப்பு.”

அடுத்த ஒரு மணி நேரம் மூவரும் சண்டை போடாமல் வேலை செய்தார்கள் என்று சொல்ல முடியாது. சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்தார்கள். தம்பி அந்தப் பட்டையைக் கழற்றிச் சமையலறைக் கல்மேடையில் வைத்து ஆறவிட்டான். சினிமாவில் பாதியை அழித்து, எடுப்பதைப் போட்டுவைக்கப் பழைய டிஸ்க்கில் இடம் உண்டாக்கினான். அழிக்கும்போது ஒவ்வொன்றின் பேரையும் படித்தான், அக்கா ‘ஒப்பாரி வைக்காதே’ என்றாள். படுக்கையறையிலிருந்து டேபிள் ஃபேனைக் கொண்டுவந்தார்கள். பெட்டியின் மூடியைக் கழற்றினார்கள். ஃபேனை வைக்க இடம் இல்லாததால் அக்காவே அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழ்ப்படியில் உட்கார்ந்து, பெட்டிக்கு நேராகக் காட்டினாள். காற்றில் செருப்பு நாற்றம் வீடு முழுக்கப் பரவியது.

“எழுந்துடுச்சு,” என்றான் தம்பி. மடியில் லேப்டாப். “ரெண்டும் தெரியுது.”

“என் வரைபடத்தை மட்டும் எடு. மத்தது எதுவும் எனக்கு வேணாம்.”

“அப்படி எடுக்க முடியாது. உன் மெஷின், அதான் பெட்டிக்குள்ள இருக்கற உன் கம்ப்யூட்டர், முழுசும் ஒரே பெரிய ஃபைல்.”

“அதைத் திறந்து எடு.”

“திறக்கறது, உள்ள போறது, தேடறது, இதுக்கெல்லாம் நேரம் ஆகும் அக்கா. முழுசா அப்படியே தூக்கிடறதுதான் சுலபம். எனக்குத் தெரியும்.”

“தெரியும்னு சொல்லாதே. இன்னைக்கு முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லாதே.”

“சரி. தூக்கறேன். போதுமா?”

இரண்டு சொல்லைத் தட்டினான். திரையில் ஒரு பச்சைக் கோடு முளைத்து மெல்ல நகர ஆரம்பித்தது.

“ஓடுது,” என்றான்.

“ஃபேன் கனக்குது,” என்றாள் அக்கா.

“நான் பிடிக்கவா அண்ணி?”

“வேணாம். கை நடுங்கினாலும் நானே பிடிக்கறேன். அப்புறம் ஃபேனை நீ சரியாப் பிடிக்கலன்னு உன் மேல பழி வந்துடும்.”

“என் மேல எந்தப் பழியும் ஒட்டாது. மருந்துக்கடையில இருக்கேன். டாக்டர் எழுதினதுன்னு சொல்லிடுவேன்.”

பச்சைக் கோடு போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடியும் முடிந்து மறுபடியும் ஆரம்பித்தது. தம்பி நகத்தைக் கடித்தான். அவன் மனைவி காப்பி கலந்து கொண்டுவந்து, அக்காவின் கை ஃபேனில் இருந்ததால், டம்ளரை அவள் வாயருகே நீட்டினாள். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பியபோதுதான் லேப்டாப் திரை அவளுக்கு நேராகத் தெரிந்தது.

“அது என்ன வரிசையா?”

“எது?”

“பேர் பேரா இருக்கே. சோதனை ஒண்ணு. சோதனை ரெண்டு. விளையாட்டு. என்னடா இதெல்லாம்?”

“மெஷின் பேருங்க.”

“யாரோட மெஷின்?”

“…என்னோடது.”

“அதுக்குப் பக்கத்துல எல்லாம் முடிந்ததுன்னு போட்டிருக்கு.”

“முடிஞ்சிடுச்சு, அதான்.”

“என்னோடது எங்கே?”

அவன் விரல் திரையில் கீழே இறங்கிக்கொண்டே போனது. எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘அக்கா’ என்று இருந்தது. அதன் பக்கத்தில் பச்சைக் கோடு அப்போதுதான் தொடங்கியிருந்தது.

“எல்லாத்தையும் எடுன்னு சொன்னேன்,” என்றான். “அது நம்பர் வரிசைப்படி எடுக்குது. முதல்ல போட்ட மெஷின் முதல்ல. உன்னோடது கடைசியாப் போட்டது.”

“நான் என்ன சொன்னேன்?”

“நான் வேணும்னு பண்ணல.”

“நான் சொன்னது என்ன, அதைச் சொல்லு. என் வரைபடத்தை மட்டும் எடுன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னே. கை பழக்கத்துல எல்லாம்னு அடிச்சிட்டேன். நிறுத்திட்டு மாத்தி ஆரம்பிச்சா திரும்ப—”

“நிறுத்தாதே. இப்ப ஓடறது என்னோடது. அதை நிறுத்தினே, கையை ஒடிச்சிடுவேன்.”

“இதுல விளையாட்டுன்னு ஒண்ணு இருக்கே,” என்றாள் மனைவி. “அது நீங்க ராத்திரி துப்பாக்கி சுடறதா?”

“இப்ப அது முக்கியமா?”

“அது பத்திரமா வந்துடுச்சே, அதான் கேட்டேன்.”

டேபிள் ஃபேன் கர்ரென்றது. கோடு நகர்ந்தது. கால்வாசி போனது. இன்னும் கொஞ்சம் போனது. அக்கா ஃபேனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். கோடு நின்றது. தம்பி திரையைத் தட்டினான், சட்டத்தைத் தட்டினால் நின்ற கடிகாரம் ஓடும் என்பதுபோல. பிறகு சிவப்பாக ஒரு வரி வந்தது.

“என்ன?”

“விழுந்துடுச்சு.”

“எழுப்பு.”

மறுபடியும் கழற்றினான். மறுபடியும் கல்மேடை. இந்தத் தடவை நன்றாகவே ஆறவிட்டார்கள். தம்பி உள்ளே சொருகினான், பெட்டி எழுந்தது, ஒரு டிஸ்க்தான் தெரிந்தது. கழற்றினான், துடைத்தான், ஊதினான், சொருகினான். ஒன்றுதான் தெரிந்தது. இடம் மாற்றிச் சொருகினான். ஒன்றுதான்.

“செத்துப்போச்சு,” என்றான்.

“கால்வாசிக்கு மேல வந்துதே, அதுல இருந்து?”

“அது திறக்காது. பாத்துட்டேன்.”

“கடையில குடுத்தா எடுப்பாங்கன்னு சொல்வாங்களே.”

“எடுப்பாங்க. வாரக்கணக்காகும். வந்தாலும் வரும், வராமலும் போகும்.”

அக்கா ஃபேனைக் கீழே வைத்தாள். கையை இரண்டு தடவை உதறிக்கொண்டாள்.

“அப்ப அவ்வளவுதான்.”

“அக்கா, இங்க பாரு. நான் இப்பவே நாலு டிஸ்க் ஆர்டர் போடறேன். ரெண்டு ரெண்டா மிரர். அந்த ரெண்டு மிரரையும் சேர்த்துப் போடலாம், அப்ப வேகமும் இருக்கும், ஒண்ணு போனாலும் நிக்கும். மேல சூடு வாங்கற தகடு ஒட்டிடறேன். சூடு ஏறினா உன் போனுக்கே மெசேஜ் வர மாதிரி பண்ணிடறேன். அதோட, உன்னோடது மட்டும் தனியா ராத்திரி ராத்திரி வேற ஒரு—”

“கண் கெட்ட பிறகு எதுக்குடா சூரிய நமஸ்காரம்? இன்னைக்குச் சாயங்காலத்துக்கு என்ன பண்றது, அதைச் சொல்லு.”

“திரும்ப வரைய எத்தனை நாள் ஆகும்?”

“அளவு எடுத்த காகிதம் இருக்கு. ராத்திரி பகலா உக்காந்தா பத்து நாள். அதுக்கு எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும். உன் பெட்டி இல்லாத கம்ப்யூட்டர்.”

“பத்து நாள்தானே. பட்டறைக்காரர்கிட்ட ஏதாவது சொல்லிக்கலாம். கரண்ட் போயிடுச்சு, மின்னல் விழுந்துடுச்சுன்னு சொல்லு. எல்லா வீட்லயும் நடக்கறதுதானே.”

“மின்னல்.”

“இல்ல, உடம்பு சரியில்லன்னு—”

“அவர் இந்த வேலையைக் குடுக்கும்போது என்ன கேட்டார் தெரியுமா? ‘வீட்ல இருந்தா பண்றேம்மா? மெஷின் படுத்துக்கிச்சுன்னா நான் யார்கிட்டப் போய் நிக்கறது? ஆளுங்களுக்கு நான் பதில் சொல்லணும்’னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘என் தம்பி எல்லாத்தையும் இரட்டையாப் போட்டிருக்கான். ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும்’னேன். நீ சொன்ன அதே வார்த்தை. கேட்டுட்டு அவர் சிரிச்சார். ‘தம்பின்னா இப்படி இருக்கணும்’னார்.”

தம்பி குனிந்து கழற்றிய மூடியை எடுத்து அதன் இடத்தில் பொருத்தப் பார்த்தான். பொருந்தவில்லை.

“நான் அவர்கிட்டப் பொய் சொல்லிட்டேன்,” என்றாள் அக்கா. “பொய்னு தெரியாம சொல்லிட்டேன். இப்ப தெரிஞ்சே இன்னொண்ணு சொல்லச் சொல்றே.”

“சரி, உண்மையைச் சொல்லு. டிஸ்க் போச்சுன்னு சொல்லு.”

“நான் ஏன் சொல்லணும்?”

“உன்னோட கஸ்டமர்தானே.”

“வார்த்தை உன்னோடது.”

“அக்கா, நான் யாருன்னே அவருக்குத் தெரியாது.”

“தெரியும். தம்பின்னா இப்படி இருக்கணும்னு அவர் சொன்னது உன்னைத்தான்.”

அவள் போனை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

“என்னால முடியாது. நான் போய் அவர்கிட்ட என்னன்னு— நீயே பேசிக்கோ. நான் உனக்கு எவ்வளவு வேணும்னாலும் பண்றேன். லீவு போடறேன், உக்காந்து கூடவே கோடு போடறேன், எப்படிப் போடணும்னு மட்டும் சொல்லு. இது மட்டும் வேணாம்.”

“கோடு போட எனக்குத் தெரியும். அது எனக்குக் கஷ்டமே இல்ல. நாளைக்கு அந்தப் பட்டறையில நான் போய் நின்னா என்ன பேச்சு வரும் தெரியுமா? பொம்பளை, வீட்ல உக்காந்து பண்றா, சமையலுக்கு நடுவுல ஏதோ கிறுக்கறா, இப்படித்தான் ஆகும். கம்பெனியில இருந்தவங்க இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்காங்க. அவர் ஒருத்தர்தான் சொல்லல. நான் ஒரு கோட்டைக்கூடத் தப்பாப் போடலடா. ஒரு துளைகூட இடம் மாறல. என் வேலை சரியா இருந்துச்சுன்னு சொல்ல என்கிட்ட இப்ப முழு வரைபடம் இல்ல. நீதான் இருக்கே. நீ சொன்னாத்தான் அது அவருக்குத் தெரியும்.”

“திட்டுவார்.”

“திட்டட்டும். உனக்கு விழ வேண்டியது உனக்கு விழட்டும்.”

“தம்பின்னுகூடப் பாக்காம—”

“தம்பின்னு பாத்துத்தான் பென் டிரைவை உள்ள வச்சேன்.”

தம்பி மனைவியைப் பார்த்தான். அவள் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள்.

“என்னைப் பாக்காதீங்க. போடுங்க.”

“நீயுமா?”

“ஸ்பீக்கர்ல போடுங்க. எதிர்வீட்டுக்காரர் காலையில இருந்து காத்துக்கிட்டிருக்கார்.”

அவன் போனை வாங்கினான். அக்காவே நம்பரைத் தட்டிக் கொடுத்தாள். கீழ்ப்படியில் உட்கார்ந்தான், எழுந்தான், நின்றால் தலை இடிக்கும் என்று கூடத்துக்கு வந்தான். மணி அடித்தது. இரண்டாவது தடவை அடித்தது. எடுக்க மாட்டார் போலிருக்கிறது என்று அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த மணியில் அந்தப் பக்கம் இரும்பின்மேல் இரும்பு விழும் சத்தமும், அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசிப் பழகிய ஒருவரின் சந்தோஷமான குரலும் கேட்டன.

“சொல்லும்மா, உன் போனுக்குத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன். இரும்பெல்லாம் வந்து இறங்கிடுச்சு. வரைபடத்தை அனுப்பிட்டியா?”